ரிக் வண்டியில் வந்த ஆட்டங்கள்

மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள் என்று தலைமையாசிரியை அம்மா உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, என் சட்டைப் பைக்குள்ளிருந்து சேவல் கூவியது. அவசரத்தில் எடுத்து எதையோ அமுக்கினேன். கூவல் நின்றது, ஆனால் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. கூடமே சிரித்தது. மகள் மட்டும் என்னை முன்பின் பார்த்தறியாதவள் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, அத்தனை பேரும் கேட்க, நண்பர் முருகேசனின் குரல் வந்தது: "செல்லமுத்தண்ணன் போயிட்டாருங்க."

சிரித்தவர்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? நான்தான் வெளியே வந்து, அடுத்தவர் வண்டியில் என் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றேன்.

அந்தச் சேவலை என் போனில் ஏற்றிவிட்டவரே அண்ணன்தான். "முட்டை, கோழிப்பண்ணைன்னு கெடக்கற ஊர்க்காரனுக்கு இதவிடப் பொருத்தமா என்ன இருக்குது?" என்றார். மாற்றத் தெரியாமல் அப்படியே கிடந்தது. இனி யாராவது மாற்றத் தெரிந்தவர் வந்தாலும் கொடுக்க மாட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செல்லமுத்து அண்ணன் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். வருசத்தில் பாதிக்கு மேல் வடக்கேதான் இருப்பார். அங்கே மழை பிடித்துவிட்டால் ரிக் வேலை நின்றுவிடும். வண்டி ஆட்கள் ஊர் திரும்புவார்கள். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் போர்வையும் மிட்டாயும் வாங்கி வருவார்கள். அண்ணன் அவற்றோடு எங்களுக்கு ஒரு புதுச் சீட்டாட்டமும் கொண்டுவருவார்.

நாங்கள் என்றால் மூன்று பேர். முட்டை வியாபாரம் செய்யும் முருகேசன், தறி ஓட்டும் குமார், மோகனூரில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருக்கும் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடையில் வேலை இருக்காது. தைத்து முடித்த தார்ப்பாய் ஒன்றை விரித்தால் அதுதான் மேடை. அதுவரை எங்களுக்குத் தெரிந்தது ரம்மியும் கழுதையும்தான். கழுதையில் பெரும்பாலும் நானே கழுதை.

அவர் முதலில் கொண்டுவந்தது மகாராஷ்டிரத்து ஆட்டம். நாலு பத்தாம் நம்பர் சீட்டையும் பிடிக்கிற கட்சிக்கு ஜெயம், ரெண்டு ரெண்டு பேர் ஒரு கட்சி. என்னைச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அண்ணன் சேர்த்துக்கொண்டார். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவன் நான். எந்தச் சீட்டு போனது, எது பாக்கி என்று எனக்கு நிற்காது. அவர் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அண்ணன் சொல்லித் தரும் விதமே தனி. ஆட்டத்தின் சட்டங்களை முன்கூட்டிச் சொல்லவே மாட்டார். சீட்டைப் போட்டுவிட்டு "ஆடுங்க" என்பார். நாங்கள் எதையாவது இறக்கியதும் "அது செல்லாதுங்க" என்பார்.

உடனே முருகேசன் எகிறுவார். "இது எந்த ஊரு சட்டமுங்கண்ணா?"

"நாக்பூர்ச் சட்டமப்பா."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எனக்கு யாரு மொதல்லயே சொன்னாங்க? பாசை தெரியாத ஊருல உக்காந்து, தப்புத் தப்பா எறக்கி, திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டேன். நீங்க மட்டும் நோகாம கத்துக்கோணுமா?"

இப்படித்தான் ஒவ்வொரு மழைக்கும் ஒன்று வந்தது. ஆட்டின் எனும் சிவப்பு இதயச் சீட்டின் ஏழில் தொடங்கி ஏறுவதும் இறங்குவதுமாக அடுக்கும் ஆட்டம், துருப்பை மறைத்து வைத்து ஆடும் ஆட்டம், பேரே தெரியாத ஒன்றிரண்டு. காசு வைத்து ஆட விடமாட்டார். "காசு வெச்சா அவனவன் சீட்டப் பாக்க மாட்டான், எதுத்தாப்புல இருக்கறவன் சட்ட ஜோப்பத்தான் பாப்பான்" என்பார். தோற்ற கட்சி டீ வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு சட்டமும் உண்டு. அது அவருடைய சொந்தச் சட்டம். பாதியில் எழுந்தவர் சீட்டை மற்றவர் தொடக்கூடாது. அவரே திரும்பி வந்து அந்தக் கையை முடிக்க வேண்டும்.

ரிக் வேலையை விட்டு நிரந்தரமாக ஊருக்கு வந்த பிறகும் புது ஆட்டம் கொண்டுவருவது நிற்கவில்லை. "ராய்ப்பூருல பாத்தது ஒண்ணு இருக்குது, இத்தன நாளா சொல்ல மறந்துட்டேன்" என்று ஆரம்பித்தார். வழக்கம்போல் சட்டங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒரு வாரம் செல்லாதது அடுத்த வாரம் செல்லும் என்றார். அவர் சொல்லித் தருகிற தினுசே அப்படித்தானே என்று வெகுநாள் எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், கடைக்கு வந்து சொன்னார். மறதி நோயாம். டாக்டர் சொல்லிவிட்டாராம். "அவருகிட்ட காட்டிக்காதீங்க சாமி. ஞாயித்துக்கெழம வந்தா மொகம் கழுவிப் பவுடர் போட்டு உக்காந்துக்கறாரு. அது ஒண்ணுதான் தவறாம நெனப்பு இருக்குது."

அன்றிலிருந்து நாங்கள் மரியாதைக்காரர்கள் ஆகிவிட்டோம். அவர் எதை இறக்கினாலும் "சரிங்கண்ணா". எதை அள்ளினாலும் "சரிங்கண்ணா". முருகேசன் வாயே திறப்பதில்லை. டீயை நாங்களே முந்திக்கொண்டு வாங்கிவந்தோம்.

ஒரு ஞாயிறு குமார் ஆஸ் சீட்டை இறக்கியிருந்தார். அண்ணன் அதன்மேல் ராஜாவை வைத்து, எல்லாவற்றையும் எங்கள் கட்சிப் பக்கம் அள்ளினார். "சரிங்கண்ணா" என்றோம். அவர் கையிலிருந்த சீட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"ஏனப்பா, ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டீங்கறீங்க?" என்றார். எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு ஊட்ல சொல்லிட்டாளா?"

குமார் தார்ப்பாயின் தையலைப் பிய்க்க ஆரம்பித்தார். முருகேசன் வாசலைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சீட்டை எல்லாம் விசிறி எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"இது எந்த ஊரு சட்டமுங்கண்ணா? ஆஸை ராஜா வெட்டுமா? எங்க காதுல பூ வெக்கறீங்களா?"

ஜெயித்த கட்சியில் இருந்துகொண்டு சண்டைக்குப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்.

"ராய்ப்பூர்ச் சட்டம்டா சாமி. உனக்கென்ன தெரியும், நீ கணக்குல பெயிலு!"

அதன் பிறகு வாரம் தவறாமல் அவரோடு சண்டை போட்டோம். அது லேசான வேலை இல்லை. எந்தத் தப்புக்குக் கத்துவது, எதை விட்டுவிடுவது, அவர் முகம் எப்போது வாடும் என்று பார்த்துப் பார்த்துக் கத்த வேண்டும். போகப் போக ஊர்ப் பெயர்கள் அவருக்கு நழுவின. "எந்த ஊரு சட்டமுங்கண்ணா?" என்று கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்மூருதான்" என்பார். அதற்கும் சண்டை போட்டோம்.

கடைசி ஞாயிறு அவர் சீட்டை விசிறி மாதிரி பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். நல்ல கைதான் வந்திருந்தது போல, உற்சாகமாக இருந்தார். பாதியில் களைத்துப் போய்ச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "சித்த ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். எவனும் தொடப்படாது" என்றார். முருகேசன் கூடப் போய் விட்டுவந்தார். மேலே சுற்றும் காற்றாடிக்குப் பறக்காமல் இருக்க குமார் அந்தச் சீட்டின் மேல் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். நாங்கள் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் படுக்கையை விட்டு எழவில்லை. இதை எழுதும்போதும் அந்த டம்ளர் அப்படியே இருக்கிறது. அந்தத் தார்ப்பாயைக் கேட்டு வந்த லாரிக்காரர் ஒருவருக்கு வேறு தைத்துக் கொடுத்தேன்.

பள்ளியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் கழுவி, பவுடர் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கிளம்பியவர் மாதிரிதான் இருந்தார். மாலையை வைத்துவிட்டு நகர மாட்டாமல் நின்றேன். தலைமாட்டில் இருந்த அக்கா நிமிர்ந்து, "உங்கண்ணங்கிட்ட எதாச்சும் சொல்லோணும்னா சொல்லிக்கங்க சாமி" என்றார்.

சொல்வதற்கு ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் கத்தித்தான் சொல்லியிருப்பேன். சுற்றிலும் சொந்தக்காரர்கள், யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

ஆட்டத்துல பாதியில எந்திரிச்சுப் போனவரு திரும்பி வராம இருக்கறது, இது எந்த ஊரு சட்டமுங்கண்ணா?