இரண்டாவது வரிசையில் பதினொரு துண்டு

எங்கள் குடும்பத்தில் துண்டு போடுவதற்கென்றே பிறந்தவள் நான். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து மூன்று பேருக்கு இடம் பிடித்துவிடுவேன். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் வீட்டாள்கள் அத்தனை பேருக்கும் இலை பிடித்து வைப்பதும் நான்தான். அக்காவுக்கு ஆட வரும், பாட வரும், புள்ளி வைத்துக் கோலம் போட வரும். எனக்கு இது ஒன்றுதான் வரும். "இவள அனுப்பிட்டா எடம் கெடச்ச மாதிரிதான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவாள். அதைக் கேட்டு நான் குளிர்ந்துபோவேன். இன்றைக்கு அதை நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கலையரங்கம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் அங்கே பிள்ளைகளுக்கு நடனமும் பாட்டும் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மில் வேலைக்காரர்கள் பிள்ளைகள், கடைக்காரர்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத்தான் படித்தோம். நானும் ஒரு மாதம் போனேன். டீச்சர் என் காலைப் பார்த்துவிட்டு, "நீ பாட்டு வகுப்புக்குப் போயேன்" என்றார். பாட்டு டீச்சர் என் குரலைக் கேட்டுவிட்டு, "நீ டான்சுக்கே போயிருக்கலாமே" என்றார். அதோடு என் கலைப் பயணம் முடிந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஆண்டு விழா. ஊரே திரண்டுவிடும். அந்த வருடம் அக்காதான் கோலாட்டத்துக்கு முன்னால் நின்று ஆடுகிறவள். அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. வத்திராயிருப்பில் இருந்த மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், பெரிய மாமா வீட்டார் என்று மொத்தம் பதினொரு பேர். பிறந்த வீட்டார் வந்து தன் மகள் மேடையில் நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமா போனில், "ஆகட்டும், பாப்போம்" என்றாராம். அம்மா அதை வருகிறோம் என்று எடுத்துக்கொண்டாள். ஆகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று உடன்பிறந்தவளுக்கே தெரியாமல் போனது பாருங்கள்.

ஐந்து மணி விழாவுக்கு மூன்று மணிக்கே என்னை அனுப்பினாள். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் அப்பாவின் துண்டுகள் நாலு, அக்காவின் பழைய தாவணி, தலையணை உறை, ஜாக்கெட் துணி, கைக்குட்டை, இன்னும் பேண்டேஜ் கம்பெனிகளில் கழித்துப்போட்டு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கும் வேஸ்ட் துணி. முதல் வரிசை சோபா, அது விருந்தினர்களுக்கு. இரண்டாவது வரிசையில் பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா, அம்மா, நான் மூன்று பேர், வத்திராயிருப்பு பதினொன்று. கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. ஒன்றுவிடாமல் துணியைப் போட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் துண்டு கிடக்கிற இடத்தை ஒருவரும் தொடமாட்டார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "ஆளு வருதா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போய்விடுவார். நாலு மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. சுவர் ஓரமாக ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். என் வரிசை மட்டும் துணி காயப்போட்ட மாதிரி அப்படியே கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பது வயதில் ஊரே நம்மிடம் வந்து உத்தரவு கேட்டால் தலை நிற்குமா?

நாலரை மணி வாக்கில் ஒரு அம்மா வேகமாக வந்தார். பேண்டேஜ் கம்பெனியில் பாதி ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே வந்திருப்பார் போல. தலையில், புருவத்தில், ரவிக்கைக் கையில் எல்லாம் பஞ்சுத் தூசி. மேல்மூச்சு வாங்கியது.

"ஏட்டி, இதுல ஆளு இருக்காகளா?"

"இருக்காக. வத்திராயிருப்புல இருந்து வாராக."

"அம்புட்டுச் சேருக்குமா?"

"ஆமா. பதினோரு பேரு."

அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, ரகசியம் சொல்லுகிற மாதிரி சொன்னார். "எம் பிள்ள தனியா ஆடுதாட்டி. மொதமொத ஏறுதா. பயந்துகிட்டுக் காலையில இருந்து சாப்பிடல. அம்மா நீ முன்னால உக்காந்திருந்தாத்தான் ஆடுவேன், ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆடிருவேன்னு சொல்லிட்டா. ஒரு ஓரமா செத்த நேரம் இருந்துக்கிடுதேன். உங்காளுக வந்ததும் எந்திரிச்சிருதேன்."

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது நாற்காலியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து, அழகாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார். துண்டில் பஞ்சு ஒட்டிவிடக் கூடாது என்று முதலில் கையைப் புடவையில் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

அப்புறம் நான் செய்ததுதான் கேவலம். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் ஒன்றும் இல்லை. வரிசையில் ஒரு நாற்காலி போய்விட்டதே, அம்மா வந்து பார்த்தால் என் பெயர் என்ன ஆவது என்ற பதற்றம்தான். எழுந்து போனேன். சட்டையில் ரோஜா பேட்ஜ் குத்திக்கொண்டு ஒரு அண்ணன் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவரிடம், "அண்ணே, அந்தா இருக்காகள்ல, எங்க துண்டத் தூக்கிக் கீழ எறிஞ்சிட்டு உக்காந்துட்டாக" என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துக்கொண்டேன். அது எனக்கு எளிதாக வரும்.

பேட்ஜ் அண்ணன் விறுவிறு என்று வந்தார். "ஏம்மா, சின்னப் புள்ளயோட துண்டத் தூக்கி எறியலாமா? எடம் போட்டிருந்தா மதிக்கத் தெரியாதா? எந்திரிங்க, பொறத்தால போங்க" என்று அத்தனை பேருக்கும் கேட்கச் சத்தம் போட்டார். பின்வரிசையில் ஒருத்தி, "வேல முடிஞ்சு வந்தா தலையத் தட்டிட்டு வரக்கூடாதாக்கும்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

துண்டு அவர் மடியில்தான் இருந்தது. "நான் எறியலய்யா, இந்தா பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். அவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். எழுந்தார். மடித்த துண்டை அதே நாற்காலியில் நேராக வைத்துவிட்டுப் பின்னால் போனார். வாசலை ஒட்டிய தூண் பக்கம் உயரமான ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் அவர் மறைந்துவிட்டார். நான் நாற்காலியை எண்ணிப் பார்த்தேன். பதினான்கும் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் ஐந்து மணிக்கு வந்தார்கள். "பாத்தியா எம் பிள்ளைய" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். விளக்கை அணைத்து விழா தொடங்கியது. அக்கா ஆடினாள், நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் அம்மா பாதி நேரம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் போன் அணைந்து கிடந்தது. அப்பா மெதுவாக, "அந்தத் துணிய எல்லாம் எடுத்துரு. நிக்குறவுக உக்காரட்டும்" என்றார். அம்மா, "பஸ்ஸுல இருப்பாக. வந்துருவாக. சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தாள். அப்பா மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வத்திராயிருப்புக்காரர்கள் அன்றைக்குப் பஸ்ஸே ஏறவில்லை. "போன்ல சொன்னா வந்துருவமா? ஒரு எட்டு நேர்ல வந்து அழைப்பிதழ் குடுத்தா கொறஞ்சா போயிருவாக?" என்று அத்தை பிறகு ஒரு சீமந்த வீட்டில் சொல்லிக் காட்டினாள். நாங்கள் இங்கே துண்டு போட்டுக் காத்திருந்த நேரத்தில் அவர்கள் அங்கே கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார்கள்.

கோலாட்டத்துக்குப் பின் திரை மூடித் திறந்தது. மேடையில் ஒரு சின்னப் பிள்ளை தனியாக நின்றாள். ஏழு வயது இருக்கும். இரவல் உடுப்பு, இடுப்பில் ஊசி குத்திப் பிடித்திருந்தது. பாட்டு ஓடத் தொடங்கியது. பிள்ளை அசையவில்லை. அவள் கண் முன்வரிசைகளில் ஓடியது. சோபாவில் விருந்தினர்கள். அதற்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர். எங்களுக்குப் பக்கத்தில் பதினொரு துண்டு. அவள் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தாள். யாருடைய முகத்தைத் தேடுகிறாள் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

ஓரத்திலிருந்து டீச்சர் "ஆடு, ஆடு" என்று கையை ஆட்டினார். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சரணம் முடிந்தும் பிள்ளை நின்றபடியே இருந்தாள், உதடு மட்டும் கோணத் தொடங்கியது. அப்போது பின்னால் தூண் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"பாப்பா! அம்மா இங்கன இருக்கேம்மா! ஆடுத்தா!"

கூடமே கொல்லென்று சிரித்தது. பிள்ளை சத்தம் வந்த மூலைப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரே இருட்டு, ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் ஆடத் தொடங்கினாள். முதல் அடவிலிருந்து. பாட்டு எங்கேயோ இருக்க, அவள் எங்கேயோ இருந்தாள். ஆடி முடிக்கிறவரை முகத்தை அந்த மூலையிலிருந்து எடுக்கவே இல்லை. சோபாவில் இருந்த விருந்தினர்களுக்கு அவள் ஒரு பக்கக் காது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பாட்டு முடிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. கற்றுக்கொடுத்ததை முழுதாக ஆடவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்தவில்லை. பாட்டில்லாமல் வெறும் சலங்கைச் சத்தத்தில் ஆடினாள். திரை இழுக்கிறவர் செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இழுத்துவிட்டார். மூடிய திரைக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அதற்கும் சிரிப்பு. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் யாராவது என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

விழா முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் அக்காவைக் கூட்டிவர மேடைக்குப் பின்னால் போய்விட்டார்கள். துணிகளைப் பொறுக்குவது என் வேலை. கட்டைப்பையை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தபோது வரிசையின் அந்தக் கடைசியில் இருந்து இன்னொருவரும் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாதான். பிள்ளை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மை அழிந்து கன்னம் எல்லாம் கோடு. அந்த அம்மா தாவணியை மடித்தார், தலையணை உறையை மடித்தார், பையில் அடுக்கினார்.

"உங்காளுக ஒருத்தரும் வரலையாட்டி?"

"பஸ்ஸு கெடைக்கல" என்றேன்.

"அடப் பாவமே. அம்புட்டு நேரமா ஒத்தையில காத்துக்கிட்டு இருந்திருக்கியே, கண்ணு." என் தலையைத் தடவினார். கையில் பஞ்சு நெடி அடித்தது.

என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைக்கத் தெரியும் எனக்கு? பையைப் பிடுங்கிக்கொண்டேன். "அடுத்த வருசம் இத விட நெறையப் பேரு வருவாக. நாங்க ரெண்டு வரிசை புடிப்போம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குனிந்து பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார். "கேட்டியா பாப்பா? அம்மா லேட்டா வந்தது தப்புதான். அடுத்த வருசம் வெள்ளன வந்துருதேன், என்ன?" என்றார். பிள்ளை தலையாட்டினாள். இருவரும் வாசல் பக்கம் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அடுத்த வருடம் நம் வரிசையைப் பிடிக்க ஒரு ஆள் திட்டம் போடுகிறார் என்று. அம்மா மாமாவை நினைத்து அழுதுகொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை. ஆனால் நான் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு யாரும் சொல்லாமலே ஒரு மணிக்குப் போய்விட்டேன். கதவே திறக்கவில்லை. வெயிலில் வாசற்படியில் கட்டைப்பையோடு உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எனக்கு முன்னால் வந்துவிடக் கூடாதே என்று. திறந்ததும் ஓடிப்போய் இரண்டாவது வரிசை முழுவதும் துண்டு போட்டேன்.

அந்த அம்மா வரவில்லை. மேடையில் அந்தப் பிள்ளையும் இல்லை. போன வருட விழாவுக்கு மறுவாரத்திலிருந்தே அவள் வகுப்புக்கு வருவதில்லை என்று அக்கா சொன்னாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.