பொத்தைக்கு அடித்த பட்டை

எனக்குப் பொறுமை கொஞ்சம்தான். அந்த வாரம் அதுவும் போய்விட்டது.

சங்கரன்கோவிலில் புவியியல் ஆசிரியை நான். குருவிகுளம் போகும் வழியில் ஓர் ஊரின் பொத்தையைக் கல்குவாரிக்குக் கேட்டு ஒருவர் மனு போட்டிருந்தார். பொத்தை என்றால் எங்கள் பக்கம் சின்னப் பாறைக்குன்று. அதன் தெற்கு முகத்தில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் மடிந்து மடிந்து ஓடும். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் வெந்து நெளிந்த பாறை. உடைத்தால் வெறும் ஜல்லி.

இப்படிப்பட்ட நிலங்களைக் காப்பாற்ற நாடுகள் சேர்ந்து ஜியோபார்க் என்றொரு வலையமைப்பு வைத்திருக்கின்றன. அதற்குப் பரிந்துரைக்க இடம் தேடிய பேராசிரியர் ஒருவரை நச்சரித்து, வெள்ளிக்கிழமை வரச் சம்மதிக்க வைத்தேன்.

முந்தின ஞாயிறு அந்த ஊருக்குப் போய், “பெரிய ஆள் ஒருத்தர் பொத்தையப் பாக்க வாராரு, சுத்தமா வையுங்க” என்று சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. இறங்கி ஓடினால், தெற்கு முகத்தில் ஏணி எட்டிய உயரம் வரை சுண்ணாம்பும் காவியும் மாற்றி மாற்றிப் பட்டை. கோயில் மதில்தான். ஒரு வரி தெரியவில்லை. பேராசிரியர் அதன் முன்னால் கேமராவை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

காவிக் கையோடு ஊர்த்தலைவர் வந்தார். “பெரிய ஆளுன்னு சொன்னீங்கள்லா டீச்சர். வெறுங் கல்லையா காட்ட முடியும்? மூணு நாளா நின்னு அடிச்சிருக்கோம்.”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேராசிரியர், “மழையில் கரையட்டும், பிறகு வருகிறேன்” என்று கிளம்பிவிட்டார்.

மறுவாரம் குவாரிக்காரர் ஜீப்பில் அளக்க வந்தாராம். பட்டையைப் பார்த்ததும் அவர் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்களாம். சாமி கல்லில் கை வைக்க மாட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். தலைவர்தான் போனில் சொன்னார்.

“அங்கன எந்தச் சாமி இருக்கு?”

“அவங்க கேக்கல டீச்சர், நாங்களும் சொல்லல.”

இப்போது ஐப்பசி. வானம் கறுத்தால் மாடிக்கு ஓடுகிறேன். மழை பெய்தால்தான் வரிகள் தெரியும், பேராசிரியர் வருவார். பட்டை கரைந்த சேதி போனால் அவருக்கு முன்னால் ஜீப் வரும்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. இன்று காலையில் தலைவர் கூப்பிட்டார். “பாதி போயிட்டு டீச்சர். மறுபடி அடிக்கட்டுமா?”

“தெக்க தொடாதீங்க. ரோட்டப் பாத்த பக்கம் அடிங்க. நல்லா அடர்த்தியா” என்றேன்.

கல்லைக் கல்லாகப் பார்க்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவள் நான்.