மாமா ஏறியிருந்த தாய்லாந்து டாங்கி

அன்று அஜின்கோர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மெண்டில் ஐந்து பேர். கலியாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் டையோடு சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் அப்பா. அவர் ஜட்ஜ். எதிரே புதுக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பக்கத்தில் கையில் கரண்டியுடன் அம்மா. அவர் லோயர், கரண்டி ஏனென்றால் அடுப்பில் கத்தரிக்காய் இருந்தது. சோபாவில் மேல்வீட்டிலிருந்து இறங்கிவந்த வீட்டுக்கார அன்ரி. அவர் சும்மா பார்க்க வந்தவர். ஐந்தாவது ஆள் நான். கிறேட் ஃபைவ். பள்ளிக்கூடப் பையை மடியை விட்டு இறக்காமல் இருந்தேன்.

வருகிற திங்கட்கிழமை மாமாவுக்கு அகதி வழக்கு விசாரணை. அவர் இந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பிப் போகவேண்டுமா என்பது அங்கேதான் தீரும். மாமா சொல்லவேண்டியது முழுவதும் உண்மை. பொய் சொல்லும்போது தண்ணீர் மாதிரி ஓடும் அவர் நாக்கு, உண்மையைச் சொல்லும்போதுதான் கல்லில் இடறும். தாய்லாந்தில் பதினெட்டு மாதம் இருந்தேன் என்று ஒருநாள் சொல்வார், அடுத்தநாள் எட்டு மாதம் என்பார். ஆகவே அப்பா வேலையால் வந்ததும் முகம் கழுவி, டை கட்டி, தினமும் மாலையில் வீட்டிலேயே விசாரணை நடத்தினார். பகலெல்லாம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேலாளரிடம் பேச்சு வாங்குகிற மனிதர். டை கட்டியதும் குரல் மாறிவிடும்.

"ஏதாவது நாட்டு இராணுவத்திலை இருந்தனீரோ?"

"இல்லை அத்தான்."

"அத்தான் எண்டு சொல்லாதையும்! நான் இஞ்சை ஆர்?"

"இல்லை ஐயா."

"வடிவாச் சொல்லும். ஆமியோட ஏதும் தொடர்பு?"

"ஒரு தொடர்பும் இல்லை ஐயா."

இந்த இடத்தில்தான் நான் அழத் தொடங்கினேன்.

காரணம், எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்கு நேரெதிர்ச் சுவரில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி, மாமா தாய்லாந்து இராணுவ டாங்கியின் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் இரும்புத் தொப்பி. கையில் துவக்கு. முகம் முழுக்கச் சிரிப்பு. கீழே என் கையெழுத்தில், சிவப்பு மார்க்கரால், ஆங்கிலத்தில்: தாய்லாந்து இராணுவத்தில் என் மாமா.

வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைப் பற்றி பிறிஸ்டல் போர்ட் அட்டையில் செய்யச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் யானை, கோயில், நூடில்ஸ் என்று போனார்கள். எனக்கு மாமா இருந்தார். தாய்லாந்து இராணுவத்தில் என்னென்ன ஓடுகிறது என்று அவரைக் கேட்டால் போதும், தொண்டையாலேயே ஓட்டிக் காட்டுவார். அமெரிக்காவின் பழைய லொறி மேடு ஏறும்போது இருமும். உக்ரேன்காரனின் எட்டுச் சில்லுக் கவச வாகனம் பிறேக் போட்டால் விசிலடிக்கும். சீனாக்காரனின் சங்கிலி வண்டி தெருவைப் பல்லால் கடித்துக்கொண்டு வரும். துவக்கு அமெரிக்கனுடையதும் உண்டு, இஸ்ரேல்காரனுடையதும் உண்டு. ஒவ்வொரு வீடும் ஒவ்வொன்றாகத் தந்த பீங்கான்களால் நிறைந்த எங்கள் குசினியைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அங்கேயும் ஒன்றுக்கொன்று சோடி சேராது.

இவ்வளவும் தெரிந்தவர் படையில் இருக்காமல் வேறு எங்கே இருந்திருப்பார்? பிறகு அவருடைய பெட்டியின் அடியில் அந்தப் படம் கிடைத்தது. சந்தேகம் தீர்ந்தது. கேளாமல் எடுத்துக்கொண்டுபோய் போர்டின் நடுவில் ஒட்டி, சுற்றிவர அவர் சொன்ன வண்டிகளையெல்லாம் எழுதினேன். எனக்கு 'ஏ' கிடைத்தது. பதினோராம் வகுப்போடு நான் படிப்பை விட்டவள். என் படிப்புக் காலம் முழுவதிலும் வந்த ஒரே 'ஏ' அதுதான்.

விக்கி விக்கி இதைச் சொல்லி முடித்தபோது அப்பாவின் டை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

"எட, உனக்கு டாங்கியிலை ஏற என்ன அலுவல்?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"அது சும்மா அத்தான். பிள்ளையளின்ரை நாள் எண்டு ஆமிக் காம்பைத் திறந்து விட்டவங்கள்."

"சும்மா! துவக்கும் சும்மாவோ? இஞ்சாரும், பள்ளிக்கூடம் கவண்மெந்து. ஜட்ஜும் கவண்மெந்து. இவங்கடை கொம்பியூட்டர் எல்லாம் ஒண்டுக்குள்ளை ஒண்டு. இந்நேரம் படம் அங்கை போயிருக்கும்."

அப்பா சொன்ன விதத்தில் எனக்கு அந்தப் படம் வயர் வழியாக ஊர்ந்து போவதே தெரிந்தது. போதாக்குறைக்கு, அன்று ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை பெற்றோர் வந்து பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்கும் நாள் என்பதையும் சொன்னேன். அந்தக் கடிதத்தை நான்தான் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

"அப்ப போய்க் கழட்டிக்கொண்டு வருவம்," என்றார் அன்ரி. "என்ரை வான் நிக்குது. உதுக்கேன் தம்பி இப்பிடிப் பதகளிக்கிறீர்?"

அம்மா அடுப்பை அணைத்தார். அணைத்தாரா என்று நான் இரண்டு தரம் திரும்பிப்போய்ப் பார்த்தேன். அந்தப் பழக்கம் அன்று தொடங்கியதுதான் என்று நினைக்கிறேன், இன்றுவரை விடவில்லை.

வானுக்குள் திட்டம் வகுக்கப்பட்டது. அம்மா ஆசிரியையைப் பேச்சில் பிடித்துவைப்பது. அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் வானிலையைப் பற்றியது, அது போதும் என்று முடிவாயிற்று. அன்ரி தன் பெரிய குளிர் ஜக்கெற்றை விரித்துப் பிடித்து மறைப்பது. அப்பா போர்டைச் சுவரில் குத்தியிருந்த ஊசிகளைக் கழற்றுவது. மாமா ஒன்றும் செய்யாமல், முகத்தை மட்டும் ஒருவருக்கும் காட்டாமல் நிற்பது.

பள்ளிக்கூடத்தில் மூன்று ஊசி கழன்றது. நான்காவதில் அப்பாவின் நகம் மாட்டியிருந்தபோது அதிபர் அம்மா பின்னால் வந்து நின்றார். கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது, கையில் ஒரு ஃபைல். ஜக்கெற்றுக்கு மேலாக எட்டிப் படத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். கோட்டில் நின்றாலும் முகம் அதே முகம்தானே.

தாய்லாந்தில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டார். சும்மா மரியாதைக்குக் கேட்ட கேள்வி. ஆனால் மாமா கண்டது பெயர் அட்டையும் ஃபைலும். உடனே கோட்டுப் பொத்தானைப் பூட்டி நிமிர்ந்து நின்றார்.

"பதினெட்டு மாதம், ஐயா," என்று அதிபர் அம்மாவிடம் தமிழில் தொடங்கினார்.

தொடங்கினவர் நிற்கவில்லை. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வீட்டை விட்டு வெளிக்கிட்ட திகதி, பாங்கொக்கில் இறங்கிய திகதி. மூன்று கிழமையாக எங்கள் மேசையில் சரிவராத திகதிகள் எல்லாம் ஒன்றுகூடப் பிசகாமல் வரிசையாக வந்து விழுந்தன. அப்பா நகத்தை ஊசியில் விட்டபடி வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதிபர் குனிந்து என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க அங்கே வேறு ஆள் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். மாமா படையில் இருந்ததேயில்லை, சிறுவர் தினத்தில் பார்க்கப் போனவர், எழுதியது என் பிழை என்பதையும் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் வண்டிகளைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரியும் என்று அதிபர் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆமி காம்புக்குப் பக்கத்திலைதான் எங்கடை அறை. விசா முடிஞ்சுது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கையே கிடப்பம். ஆமி லொறி போனால் பயமில்லை, படுத்திருக்கலாம். இமிக்ரேசன் வான் எண்டால் மேலை ஓடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலை ஒளிக்கவேணும். சத்தம் பிழைச்சால் ஆள் போச்சு, பிள்ளை. அதுதான் எல்லாத்தையும் பாடமாக்கினனான்."

விசா, இமிக்ரேசன் இரண்டும் வீட்டுக்கு வெளியே வாயில் எடுக்கக்கூடாத சொற்கள் என்பது அப்பாவின் கட்டளை. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சத்தில் எனக்கு விளங்கியது லொறி ஒன்றுதான். நான் அதிபரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்:

"அவருக்கு லொறிகள் என்றால் நல்ல விருப்பமாம்."

அதிபர் சிரித்து, தன் தம்பியும் அப்படித்தான் என்றார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்காவது ஊசியையும் தானே கழற்றித் தந்தார். நான் பூசிய பசையில் படம் போர்டோடு ஒன்றாகிவிட்டிருந்தது, பிய்த்தால் மாமாவின் தலை கிழியும். அதனால் முழுப் போர்டையும் வானுக்குள் குறுக்காக வைத்து, ஐந்து பேரும் தலையால் தாங்கிக்கொண்டு வீடு வந்தோம்.

திங்கட்கிழமை விசாரணையில் மாமாவுக்கு ஒரு திகதியும் பிழைக்கவில்லை. இராணுவத்தைப் பற்றி ஒரேயொரு கேள்வி வந்ததாம். இல்லை என்றாராம். எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒத்திகை பார்த்ததால்தான் வழக்கு வென்றது என்று அன்ரி இன்றும் சொல்கிறார்.

மாமா இப்போது பக்கத்து நகரான விட்பியில் இருக்கிறார். பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுகிறார். பனி கொட்டினால் எங்கே நிற்கிறார் என்று கேட்டு நான் அரைமணிக்கொருமுறை போன் எடுப்பேன். அவருடைய கராஜில் அந்த பிறிஸ்டல் போர்ட் இன்னும் சாய்ந்திருக்கிறது. போன மாதம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அவ்வளவு பயந்து கிடந்த நீங்கள் அந்த ஆமிக் காம்புக்குள் எதற்குப் போனீர்கள் என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"பாங்கொக்குக்கு வந்து ஒரு வருசமாச் சத்தத்தை மட்டும்தானே கேட்டனான். அதுகள் பாக்க எப்பிடியிருக்கும் எண்டு ஒருக்காப் பாக்கவேணும் போல கிடந்தது. அண்டைக்கு ஒரு நாள்தான் பேப்பர் கேக்கமாட்டாங்கள். கையிலை ஒரு பிள்ளை இருந்தால் சரி. கீழ்வீட்டுக்காரியின்ரை பொடியனை வாங்கிக்கொண்டு போனன். டாங்கியிலை ஏறச் சொல்லிக் கை தந்ததும் ஒரு ஆமிக்காரன்தான். யூனிபோம் போட்ட ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சதை அங்கைதான் கண்டனான்."

அன்று அதிபரிடம் நான் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். லொறிகள் விருப்பம் என்றா சொன்னாய் என்று கேட்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தின் ஓரத்தைத் தட்டினார். எடுத்தது டாங்கிக்குப் பக்கத்தில் உடனடிப் படம் எடுத்து விற்றுக்கொண்டு நின்ற ஒரு கிழவர். மாமாவிடம் காசில்லை. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று கையால் காட்டினாராம். கிழவர் தலையாட்டிவிட்டுப் படத்தைக் கொடுத்தாராம். மறுநாள் காலை இமிக்ரேசன் வான் வந்தது. சத்தம் பிழைக்கவில்லை, தொட்டிக்குப் பின்னாலிருந்து கூரை தாவி வேறு தெருவுக்குப் போனவர், அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தக் கிழவருக்கு இன்னும் கொடுக்கவேண்டியது, தாய்லாந்துக் காசில் அறுபது பாத்.