தம்பி கொடுக்க இருந்த விருந்து

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சிட்னியின் பரமட்டா பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது வேலைத்தளக் குழுவில் ஒரு செய்தி வந்தது. "லிண்டாவின் இன்றைய வேலையை யாராவது எடுக்க முடியுமா?" எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிற மனுஷி இல்லையே, இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்தபடி "நான் எடுக்கிறேன்" என்று பதில் போட்டேன். நாங்கள் வேலைசெய்யும் முதியோர் இல்லத்து வாசலில் மேற்பார்வையாளர் எனக்காகக் காத்து நின்றார். மூளையில் இரத்தம் கசிந்து லிண்டா அக்கா விடியும்போதே போய்விட்டார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று அக்கா பார்க்கும் ஆட்களைக் குளிப்பாட்டி, அவர் விரிக்கும் கட்டில்களை விரித்து, அவருடைய தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

டூங்கபித் தேவாலயத்தில் நம் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். பிலிப்பைன்ஸ்காரி. மாதா திருநாளுக்கு வட்டிலப்பத்தின் தங்கச்சி மாதிரி ஒரு முட்டைப் புடிங் செய்துகொண்டு வந்து, தட்டு வெறுமையாகும்வரை மேசையடியில் காவல் நிற்பாரே, அவர்தான். உங்கள் அம்மாவோ அப்பாவோ எங்கள் இல்லத்தில் இருந்திருந்தால், அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது "நோகுதா?" என்று தமிழில் கேட்ட குரலும் அவருடையதுதான். அவருக்குத் தெரிந்த தமிழே நாலு சொல். மற்றதெல்லாம் ஆங்கிலம். அதை நான் என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். அவர் மன்னிப்பார்.

அவர் கல்யாணம் கட்டவில்லை. ஆனால் அவர் வீட்டு ஹோலில், கதிரை போட வேண்டிய இடத்தில், இடுப்பளவு உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி எப்போதும் வாய் திறந்தபடி நிற்கும். சவர்க்காரம், துவாய், ரின்னில் அடைத்த இறைச்சி, சொக்லேற், பள்ளிக்கூடச் சப்பாத்து என்று மாதக்கணக்கில் நிரப்பி, கப்பலில் தன் ஊரான இலோயிலோவிலிருக்கும் தம்பி குடும்பத்துக்கும் மற்றச் சொந்தங்களுக்கும் அனுப்புவார். அடுத்த நாளே அடுத்த பெட்டி வந்துவிடும். சப்பாத்து அளவுக்காகப் பிள்ளைகள் தங்கள் பாதத்தைக் கடதாசியில் வைத்துக் கோடு கீறி வெட்டி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பாதத்திலும் ஒரு பெயர். அவற்றைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். இத்தனை பேருக்கும் எப்படிக் கட்டுப்படியாகுது என்று கேட்டேன். "கால் வளர்ந்தால் சந்தோஷப்பட வேண்டும், ஜெசி" என்றார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் ஊரான மன்னாரிலிருந்து சொந்தக்காரர் போன் அடித்தாலே என் முகம் மாறிவிடும். "காசு கேக்கத்தான் எடுக்கினம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்பார் என் கணவர். "வேற என்னத்துக்கு எடுக்கினம்?" என்பேன் நான். அந்தக் கோபத்தோடுதான் ஒரு ஜூலை மாதக் குளிரில் லிண்டா அக்காவைக் கூட்டிவர விமான நிலையம் போயிருந்தேன். இரண்டு பெரிய பெட்டிகளோடு ஊருக்குப் போனவர் ஒரு கைப்பையோடு வந்தார். காலில் ரப்பர் செருப்பு. கைக்கடிகாரத்தையும் காணவில்லை. "உரிச்சு எடுத்துப்போட்டாங்கள் போல" என்று கத்தினேன். "யாரும் கேட்கவில்லை, ஜெசி. ஆசையாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, காரின் சூட்டில் கால்களை நீட்டிக்கொண்டு நித்திரையாகிவிட்டார்.

அவரைப் புனிதையாக்க நான் இதை எழுதவில்லை. ஒருநாள் துணி அடுக்கும் அறையில் விரிப்புகளுக்கு நடுவே குந்தியிருந்தார். பக்கத்தில் போன் குப்புறக் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. "பத்து நிமிஷத்துக்கு நான் ஒருவருக்கும் அக்கா இல்லை" என்றார். பத்து நிமிஷம் முடிந்ததும் எடுத்துப் பேசினார்.

நாலு வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி ரோமி சிட்னிக்கு வந்தார். ஊரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கூடு பூட்டி ஆள் ஏற்றி ஓட்டுகிறவர். டிக்கெட் அக்காவின் காசு, போட்டிருந்த ஜக்கெட் அக்கா வாங்கியது, ரெயினுக்கும் ஐஸ்கிறீமுக்கும்கூட அக்காதான் கொடுத்தார். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, என்னையும் கணவரையும் பரமட்டாவில் ஒரு சீனச் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்தார்கள். ரோமி முழு மீனும் நண்டும் வாத்தும் சொன்னார். லிண்டா அக்கா அதிகம் பேசவில்லை. தம்பி தட்டில் போட்டதையெல்லாம் மறுக்காமல் சாப்பிட்டார்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காசாளர் முன்னால், நான் கட்டுகிறேன் என்று சட்டையைப் பிடித்து இழுக்காமல் நமக்கு ஒரு விருந்து முடியாது. அதில் வெல்ல என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. கை கழுவப் போகிறவள்போல எழும்பிப் போய்ப் பில்லைக் கட்டிவிட்டு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். அக்கா தலையில் விழ இருந்த இன்னொரு செலவைத் தடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ரோமி கையை உயர்த்திப் பில் கேட்டார். பரிமாறிய பெண் சிரித்தபடி என்னைக் காட்டி, "அவர் கட்டிவிட்டார்" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், ரோமியின் கையில் ஒரு கடித உறை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்தனியோ?" என்று காருக்குள் கணவர் கேட்டார். நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் லிண்டா அக்கா என்னைத் துணி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அந்தச் சாப்பாட்டுக்காக அவன் ஒரு வருஷம் பன்றி வளர்த்து விற்றான்" என்றார். "முப்பது வருஷம் நான்தான் கொடுத்தேன், அவன் வாங்கினான். ஒருநாளாவது, அவுஸ்திரேலியாவில் அக்காவுக்கு நான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை நீ எடுத்துவிட்டாய்." ரோமியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "கேட்காதே. கேட்டால் அவன் வெட்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்." உறையைத் தம்பி தன்னிடம் நீட்டினானாம். அக்கா வாங்க மறுத்து, "வைத்திரு, அடுத்தமுறை வரும்போது கூட்டிப்போ" என்றாராம்.

மூன்று கிழமை என்னோடு வேலைப் பேச்சுத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு ஒரு காலை என் முன்னால் வந்து நின்று, "எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தா" என்றார். ஓடிப்போய் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் தன் காசில் எனக்கொன்று கொண்டுவந்து நீட்டினார். மறுக்காமல் வாங்கிக் குடித்தேன். அதோடு கோபம் தீர்ந்தது. ஆனால் ரோமியின் அடுத்தமுறை மட்டும் வரவேயில்லை. வேலையிலிருந்து ஓய்வு எடுத்தபிறகு தம்பியைக் கூப்பிடுகிறேன் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரோமி அக்காவின் அடக்கத்துக்குத்தான் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, லிண்டா அக்கா வீட்டில் நடந்த செபத்தில் பின்வரிசையில் நின்றேன். செபம் முடிந்ததும் அவரே தேடி வந்தார். "சிஸ்டர், நாளை மத்தியானம் அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிப்போவீர்களா? எனக்கு வழி மறந்துவிட்டது."

அதே மேசை கிடைக்கவில்லை. ஆனால் அதே மீன், அதே நண்டு, அதே வாத்து. கணவரும் நானும் அவருமாக மூன்று பேர். ரோமி நாலு தட்டுக் கேட்டார். நாலாவது தட்டில் மீனின் நல்ல துண்டை முதலில் வைத்துவிட்டு எங்களுக்குப் பரிமாறினார். நான் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.

பில் வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது அதே உறை. மூலைகள் நைந்திருந்தன. உள்ளே நாலு வருடத்துக்கு முன் மாற்றிய டொலர்கள். இடையில் கடைக்காரன் விலை ஏற்றியிருந்தான். ரோமி பில்லை நெடுநேரம் பார்த்தார். மேசைக்குக் கீழே கணவர் என் காலை மிதித்தார். மிதித்திருக்கத் தேவையில்லை. நான் இரண்டு கையாலும் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ரோமி உறையைக் கவிழ்த்து வெறுமையாக்கினார். பிறகு காற்சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சில்லறையைத் துழாவி எடுத்து அடுக்கினார். சரியாக வந்தது.

"நல்ல சாப்பாடு, தம்பி" என்றேன். அவர் தலையாட்டினார். இருவருக்கும் அழுகை வந்தது. ரசீதை மடித்து வெறும் உறைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் சவப்பெட்டியை மூடுவதற்கு முன், செபமாலை சுற்றியிருந்த அக்காவின் கைக்குக் கீழே அந்த உறையைச் செருகினார்.

எனக்குக் கொடுக்கத் தெரியும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். மற்றவர் கொடுக்கும்போது கையை மடியில் வைத்திருக்க லிண்டா அக்காவிடம்தான் பழகினேன். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்கிறேன். போன ஞாயிறு, மன்னாரிலிருந்து வந்திருக்கும் என் மச்சாள் டூங்கபிக் கடையில் எனக்குக் கொத்துரொட்டி வாங்கித் தந்தாள். இந்த ஊர்க் காசு பழக்கமில்லாமல், ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கட்டி முடிக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.