குன்றிமணியளவு கருப்பட்டி

பெரிய வெள்ளம் வந்து போன மறு வருசம், மலாயாவில் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தாள் கெர்ட்ரூட். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பேர் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் யார் வாயிலும் நுழையாமல் கெத்தம்மா ஆகிவிட்டது. கெட்டிக்காரி, அதைவிடப் பிடிவாதக்காரி. ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

அவளுடைய ஒரே மகள் மரியபுஷ்பம் இரண்டு வயதில் குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். தோட்டத்து இடுகாடு, ரப்பர் மரம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. மழையில் மண் இளகினால் போதும், காட்டுப்பன்றி இறங்கிவிடும். மரவள்ளிக் கிழங்கைத் தோண்டுகிற மாதிரியே புதுக் குழியையும் தோண்டும். அந்த வருசம் ஏற்கெனவே இரண்டு குழிகளைக் கிளறிவிட்டிருந்தது. கெர்ட்ரூட் முள் வெட்டிப் போட்டாள். பன்றி தள்ளிவிட்டது. கல் அடுக்கினாள். உருட்டிவிட்டது. மழை இரைந்தால் சோறு இறங்காது அவளுக்கு.

அப்போது தோட்டத்தில் ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துக்குச் சுவர் எழுப்ப உடையப்பன் என்ற கொத்தனார் வந்திருந்தார். அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, புள்ள மேல ஒரு பலகை மாதிரி சிமிட்டி போட்டுக் குடுங்க."

"பீப்பாய் அடியில ரெண்டு கூடைதான் மிச்சம் தங்கச்சி. துரையும் எடுத்துக்கோன்னுட்டாரு. ஆனா பத்தாது. ஈயச் சுரங்கத்து நீராவி எஞ்சின்ல சாம்பல் மலையா கெடக்கு. சலிச்சுக் கலந்துக்கலாம். என்ன, சாம்பல் கூடிப்போனா வெடிக்கும்."

வெடிக்கும் என்ற சொல் கெர்ட்ரூட்டுக்குள் தைத்துவிட்டது. ஊரில் கோவில் கட்டும்போது அவள் அம்மா சுண்ணாம்பு சுமந்தவள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்பு பாறையாக இறுகுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதைச் சொன்னாள்.

"அது சுண்ணாம்பு. இது சிமிட்டி லா! இதுக்குப் போய் இனிப்பு ஊட்டாத."

கலவையைக் குழைத்துவிட்டு அவர் கை கழுவப் போன நேரத்தில் ஒரு முழு உருண்டைக் கருப்பட்டியைக் கரைத்து அதில் ஊற்றிவிட்டாள். பிள்ளைக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தாள், வேறு ஒன்றுமில்லை.

குழி மேல் போட்ட பலகை இறுகவே இல்லை. மறுநாள் சேறு, அதற்கு மறுநாளும் சேறு. மூன்றாம் நாள் எறும்பு சாரை சாரையாக ஏறியது. நான்காம் நாள் காலையில் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இனிப்பு மணத்துக்கு வந்த பன்றிகள் பலகையைக் குழப்பி, கீழே முழங்கை ஆழத்துக்கு மண்ணையும் கிளறியிருந்தன. நல்லவேளை, பெட்டி வரைக்கும் போகவில்லை. பன்றிக்கு இலை போட்டு விருந்து வைத்தது தான்தான் என்று மண்ணை அள்ளி மூடிக்கொண்டே தன்னை ஏசிக்கொண்டாள்.

உடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஆனா கருப்பட்டி மேல தப்பில்லண்ணே. அளவுலதான் தப்பு."

"இன்னும் பேசு! ஒரே ஒரு கூடை இருக்கு, தெரியுமா?"

"அதுல எனக்கு ரெண்டு கைப்பிடி குடுங்க."

ரப்பர் பால் ஏந்துகிற மங்கு நான்கைக் கழுவி லயத்துக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். சிமிட்டியும் சாம்பலும் மணலும் எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. முதல் மங்கில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் குன்றிமணியளவு கருப்பட்டி. மூன்றாவதில் கட்டைவிரல் நுனியளவு. நான்காவதை நிரப்பப்போனபோது அவள் புருசன் அந்தோணிமுத்து வந்து குந்தினான். மகள் போனதிலிருந்து வாயைத் திறக்காத மனுசன். கையில் வாளி அடியில் மிஞ்சின ரப்பர் பால்.

"இதையும் ஊத்திப் பாரு புள்ள. நம்ம கிட்ட இருக்கறது இதானே லா."

ஊற்றிக் கிண்டினார்கள். பால் திரிந்து, சாம்பல் பூசின இட்லி மாதிரி குச்சியோடு எழும்பி வந்தது. அவன் தூக்கிப் பார்த்தான்.

"இத எறிஞ்சா பன்னி செத்துரும்," என்று சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் சிரித்த சிரிப்பு அது. கெர்ட்ரூட் குனிந்துகொண்டாள். கண் நிறைந்ததை அவன் பார்க்கக் கூடாது.

ஐந்தாம் நாள் உடையப்பனைக் கூப்பிட்டாள். கட்டைவிரல் மங்கு இன்னும் சேறு. வெறும் தண்ணீர் மங்கில் கோடு கோடாக வெடிப்பு. குன்றிமணி மங்கைக் கவிழ்த்துத் தட்டினார். முழுசாக விழுந்தது. கரண்டிக் காம்பால் அடித்தார். ணங் என்றது. உதட்டைப் பிதுக்கினார்.

"கருப்பட்டிக்குத் தண்ணி கொறச்சலாவே கொழையுதே, அதான் வெடிக்கல. சரி, உன் பேச்சுக்கே வாரேன்."

பலகைக்கு அறுபது மங்குக் கலவை வேண்டும் என்று கணக்குப் போட்டாள். அறுபது குன்றிமணிக்குக் கருப்பட்டியைக் கிள்ளிக் கிள்ளி வாளித் தண்ணீரில் போட்டாள். அந்தோணிமுத்து எண்ணினான். ஐம்பத்திரண்டில் தும்மிவிட்டு, "மறந்துட்டேன் புள்ள, மொதல்லேருந்து" என்றான். அதற்கு அவள் கொடுத்த ஏச்சை இங்கே சொல்ல முடியாது. இந்தத் தடவை மூன்று பேருமாக இடுகாட்டுக்குப் போய்ப் பலகை போட்டார்கள். ஈரச் சாக்கை மேலே விரித்து, சுற்றி மூங்கில் அடைத்து, பத்து நாள் காலையும் மாலையும் அவனும் அவளும் மாறி மாறித் தண்ணீர் தெளித்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஈரத்துணி போடுகிற மாதிரிதான். அதற்குப் பிறகு மூங்கிலை எடுத்தார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலையில் மழை விட்டதும் கெர்ட்ரூட் மட்டும் ஓடினாள். குழியைச் சுற்றிலும் குளம்புத் தடம். ஓரத்து மண் உழுத வயல் மாதிரி கிடந்தது. பலகையின் ஒரு மூலையில் மூக்கு வைத்து உந்தின சேறு அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். ஒரு கீறல் இல்லை. இம்மியும் அசையவில்லை.

வந்த வழியே ஓடினாள்.

"ஏங்க! பன்னி வந்துச்சு!"

அந்தோணிமுத்து கையில் இருந்த கோப்பையைக் கீழே போட்டான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏழெட்டு இருக்கும். சுத்திச் சுத்தி வந்திருக்குதுங்க. மூக்கால தள்ளியும் பாத்திருக்குதுங்க. ஒண்ணும் ஆவல!"

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவளையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மெதுவா சொல்லு புள்ள. மொதல்லேருந்து சொல்லு."