ஒரே கருவி, இரண்டு இதயங்கள்

கணபதி என்ற பகுதியில் தனியாக வசிக்கிறேன். பலவீனமான என் இதயத்தின் இரு பக்கமும் சேர்ந்து துடிக்க ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதே நாளில், அதே ஆஸ்பத்திரியில் சோமனூர் தறிக்காரர் சுப்பிரமணிக்கும் வைத்தார்கள்.

"ஈசிஜி பார்த்தா ரெண்டு பேருக்குமே இந்தக் கருவி கேக்கும்னுதான் தோணுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

சில மாதம் கழித்து நடந்த பரிசோதனைக்கு, சுப்பிரமணி மூச்சு வாங்காமல் மாடியேறி வந்தார். எனக்கோ எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். வீட்டில் சொல்ல ஆளில்லாததால் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் சுப்பிரமணி.

"எனக்குக் கருவி கேக்கலைங்க."

அவர் தன் மனைவிக்குப் போன் செய்து, "நீ சாப்புடு கண்ணு, நான் அப்புறமா வாரேன்" என்றுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழும்வரை அவரும் எழவில்லை.

அன்றும் என் வீட்டில் கதவு திறக்க யாருமில்லை. ஆனாலும் தேறிய ஒருவர், தேறாத என்னை விட்டு அவசரமாகப் போகவில்லை என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது.