ஆடு தொடாத செடிக்கு வந்த ஆபத்து

செடி பறிப்பதும் ஒரு தொழில்தான் என்று உலகத்தை நம்பவைப்பதைவிட, செடியையே வாய் திறந்து பேசவைப்பது சுலபம். தாவரவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், "செடிதானே படிச்சே, இந்த முருங்கைக்கீரையை ஆய்ஞ்சு குடு" என்று நீட்டிய முறத்தைக் கையில் வாங்கிய சகோதரிகள் யாராவது இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குப் பழக்கம்தான்.

எனக்கு வாய்த்த மலை

யுத்த காலம். ஒரே ஒரு மலையில் மட்டும் முளைத்து, உலகத்தில் வேறெங்குமே இல்லாத செடிகள் சில உண்டு. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் ஆராய்ச்சி. மதராஸில் எங்கள் பேராசிரியர் மலைகளைப் பங்கு பிரித்தார். என்னோடு படித்த ஆண்பிள்ளைகளுக்கு நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானல். கம்பளிச் சட்டை தைத்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதில் நிழல் வேண்டுமானால் நாமேதான் கொண்டுபோக வேண்டும். சித்திரை வெயிலில் ஏறினால் உள்ளங்காலில் தோசை வார்க்கலாம்.

இது என்ன நியாயம் என்று வாதாடினேன். காட்டில் புலி இருக்கிறது, பெண்பிள்ளை எப்படிப் போவது என்றார். புலி ஆண் பட்டதாரிகளைத் தின்னாது என்று எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன் அத்தை அன்னவாசல்லதானே இருக்கா? சாப்பாட்டுக் கவலை இல்லை பாரும்மா."

இலையை மட்டும் படிங்க

பறித்த செடியைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே விரித்து, இரண்டு பலகைகளுக்கிடையே வைத்து, வார் போட்டு இறுக்கிக் கட்டுவோம். காய்ந்தபின் நூறு வருஷம் கெடாது. ஆனால் சர்க்கார் பாதிப் பத்திரிகைகளைத் தடைசெய்திருந்த அந்த நாளில் பத்திரிகைக் கட்டோடு பஸ் ஏறுவதைவிட வெடிகுண்டோடு ஏறுவது பாதுகாப்பு. பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய எங்கள் கரி பஸ் சமஸ்தானத்து எல்லையில் நின்றது. ஒரு கான்ஸ்டபிள் ஏறினார், என் பலகைக் கட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிரமோஷன் கிடைத்த முகம்.

சாலை ஓரத்தில் வைத்துப் பிரித்தார். தாள் தாளாகப் புரட்டினார். உள்ளே துண்டுப் பிரசுரம் இல்லை, கோரைப்புல்தான் இருந்தது. செடியைக் காயவைப்பது ராஜத்துரோகமா, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று நான் கேட்க, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள். கட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கான்ஸ்டபிள் சொன்னார்: "அம்மா, சேதியப் படிச்சிராதீங்க. எலையை மட்டும் படிங்க. எலையை இன்னும் யாரும் தடை பண்ணலை."

கருப்பாயியின் தீர்ப்பு

அந்தப் பாறையில் என்னைத் தவிர ஏறுகிறவர்கள் கருப்பாயியும் அவளுடைய வெள்ளாடுகளும்தான். அவற்றில் ஒரு கிடா என் பத்திரிகைத் தாள்களில் ஒரு பக்கத்தையும், பலகை கட்டும் வாரில் பாதியையும் தின்றுவிட்டு, பாக்கியையும் கேட்பதுபோல் நின்றது. கருப்பாயியோடு சண்டை பிடிக்கத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன். பாறை வெடிப்பில், மழைநீர் தங்கிய ஈர மண்ணில், விரல் உயரத்தில் ஒரு செடி. அரிசியைவிடச் சிறிய ஊதாப் பூ. எங்கள் புஸ்தகங்களில் அப்படி ஒன்று கிடையாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பிறகு சுற்றுவட்டாரப் பாறைகளை எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தேன். எங்குமே இல்லை. அந்த ஒரு வெடிப்பில் போனால், பூமியிலேயே போனது.

நான் குப்புறப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க, கிடாவும் வந்து மோந்து பார்த்தது. தும்மியது. போய்விட்டது. கருப்பாயி சிரித்தாள்: "எங் கிடா யுத்தச் சேதியையே தின்னு செரிச்சிரும் ஆத்தா. அதே வேணாங்குதுன்னா, அது எதுக்கும் ஆகாத செடி."

பேராசிரியரின் காருண்யம்

ஒரே ஒரு செடியைப் பறித்துக்கொண்டு மதராஸுக்கு ஓடினேன். இதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டேன். பேராசிரியருக்கு ஆனந்தம். சீமைக்கு ஒரு கட்டு, கல்கத்தாவுக்கு ஒரு கட்டு, நம் அலமாரிக்கு ஒரு கட்டு என்று விரல் மடக்கினார். இருப்பதே ஒரு வெடிப்பில்தான், இத்தனை கட்டுக்கும் பிடுங்கினால் பாறையில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்: "பாறையில இருந்தா வெயில் தின்னும், வெள்ளம் கொண்டுபோகும். அலமாரியில யார் தொடப்போறா? செத்த செடிக்குத்தாம்மா ஆயுசு கெட்டி."

பெண் பார்த்தார்கள்

பிடுங்க மறுத்துவிட்டு அன்னவாசலுக்கே திரும்பினேன். மழை முடியும்வரை அந்தச் செடி காய்த்து விதை உதிர்ப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம். அதற்குள் என்னை ஒருவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அத்தையின் திட்டம். மாப்பிள்ளைகள் வந்தார்கள். கேசரி தின்றார்கள். அரிமளத்திலிருந்து வந்தவர், கல்யாணத்துக்குப் பிறகும் மலையேறுவதாக உத்தேசமா என்று கேட்டார். "உங்களால் ஏற முடியாவிட்டால் அடிவாரத்தில் நில்லுங்கள், செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்றேன். அத்தை தலையில் கைவைத்தாள். அவருடைய அம்மா மட்டும் எழுந்திருக்கும்போது பெருந்தன்மையோடு சொன்னார்: "சம்பந்தம் நல்ல சம்பந்தந்தான். பொண்ணு வாயைத் தொறக்காம இருந்தா முடிச்சிரலாம்."

அபூர்வ மூலிகை

ஊரில் ஒரு நாட்டு மருந்துக் கடை. ஒரு சந்தை நாளில் அந்த வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். முறத்தில் என் செடி, வேரோடும் மண்ணோடும். 'மதராஸ் டாக்டரம்மா வெயிலில் கிடந்து தேடிய மூலிகை' என்று கடைக்காரர் கூவிக்கொண்டிருந்தார். மூட்டுவலிக்கு அது, பிள்ளை வரத்துக்கு அது, புருஷன் வசப்படவும் அதுவே. பாறைக்கு ஆள் விட்டிருந்தார். எட்டிய செடிகளை எல்லாம் பிடுங்கியாயிற்று, கை நுழையாத ஆழத்தில் கொஞ்சம்தான் பாக்கி, நாளைக்குக் கடப்பாரை போகிறதாம்.

நான் டாக்டர் இல்லை என்றேன். தன்னடக்கம் என்றார்கள். இது மருந்தே இல்லை, மிகமிக அபூர்வமான செடி, உலகத்திலேயே இந்த ஒரு பாறையில்தான் இருக்கிறது என்று தொண்டை கிழியச் சொன்னேன். கூட்டம் முண்டியடித்தது. சந்தைக்கு வந்திருந்த கருப்பாயியின் கிடாவை இழுத்துவந்து முறத்தருகே நிறுத்தினேன். அது மோந்தது, தும்மியது, திரும்பிக்கொண்டது. எதையும் தின்கிற ஆடே தொடாததைத் தின்னப்போகிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சாவதானமாகச் சொன்னார்: "ஆடு தொடலைன்னாலே மருந்துதானே? ஆடாதோடையை எந்த ஆடு தொட்டுச்சு? அம்மா இன்னும் ரெண்டு வார்த்தை பேசட்டும், எனக்குக் கூவுற வேலை மிச்சம்."

அத்தை பேசினாள்

என் சத்தம் தெருக்கோடிவரை கேட்டு அத்தை வந்து சேர்ந்தாள். அவளுக்குச் செடியைப் பற்றிக் கவலை இல்லை. நடுச்சந்தையில் நான் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கவலை. கூட்டத்தில் முக்கால்வாசி பேர் பெண்கள். எல்லோர் கையிலும் ஒரு பிடி. அவர்களைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னாள்: "என்னத்தை வசியம்? இந்தப் பிள்ளை மழை பிடிச்சதுலேருந்து இதைத்தான் தொட்டுக்கிட்டு, மோந்துக்கிட்டு, மடியில கட்டிக்கிட்டு அலையுது. வந்த மாப்பிள்ளை ஒருத்தனாச்சும் நின்னானா?"

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. என் நாக்கு நுனியில் பதில் இருந்தது. யாரும் என்னை வேண்டாமென்று போகவில்லை, நான்தான் ஒவ்வொருவரையும் வேண்டாமென்றேன். ஒரே வாக்கியம்தான். சொன்னால் என் மானம் பிழைக்கும், நாளைக்குக் கடப்பாரை போகும். என் வாழ்நாளில் முதல்முறையாக வாதாடாமல் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிற மாதிரிகூட நின்றேன் என்று கருப்பாயி பிற்பாடு சொன்னாள். முதலில் ஒரு அம்மாள், பக்கத்தில் நின்ற தன் மகளின் கையிலிருந்து செடியைப் பிடுங்கி முறத்தில் எறிந்தாள். அப்புறம் ஒவ்வொரு பிடியாக வந்து விழுந்தது. கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். கடைக்காரருக்கு மணமாகாத பெண்கள் இருவர். அவரே முறத்தைத் தூக்கித் தெருவில் கொட்டினார். கொட்டிவிட்டு என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இதை முன்னாலயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

அடுத்த மழைக்கு வெடிப்பு முழுக்க ஊதா. கருப்பாயிகூட இப்போது தன் மகளைப் பாறையின் அந்தப் பக்கம் ஆடு ஓட்ட விடுவதில்லை. பல்கலைக்கழகம் எனக்குச் சொல்லிக்கொடுத்த தாவரவியல் அத்தனையும் காப்பாற்ற முடியாத ஒரு செடியை நான் வேண்டாமென்று விரட்டிய மாப்பிள்ளைகள் காப்பாற்றிவிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் நன்றியுரையில் அவர்களை என்னவென்று சொல்லிச் சேர்ப்பது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.